வெந்நீரை ஆறவைக்கும் ஓட்டல்கள்

அபானோ தெர்மேயில் ஓட்டல் நடத்துபவர்களுக்கு ஒரு வேடிக்கையான பிரச்சினை. பூமிக்கடியிலிருந்து அவர்களுக்குக் கிடைக்கும் நீரின் சூடு 60 முதல் 87 டிகிரி செல்சியஸ். அதில் யாரை இறக்க முடியும்? 35 டிகிரி அளவுக்கு ஆறவைத்த பிறகுதான் குளத்துக்குப் போகும். ஆறும்போது பிரியும் வெப்பத்தைக் கொண்டு குளிர்காலத்தில் அறைகளைக் கதகதப்பாக வைத்துக்கொள்கிறார்கள்.

ஊர் இருப்பது வட இத்தாலியில், பதுவா நகருக்குப் பக்கத்தில். ஆம், நம் ஊர்க் கோயில்களில் இருக்கும் பதுவை அந்தோணியாரின் அதே பதுவா. ஊரை ஒட்டி நிற்கும் யூகேனியக் குன்றுகள் எரிமலையால் உருவானவை. சரி, அந்த எரிமலைதான் அடுப்பு என்று முடிவுகட்டத் தோன்றும். இல்லை. அது அணைந்து சுமார் 3 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அடியிலிருந்த பாறைக்குழம்பு எப்போதோ இறுகிக் குளிர்ந்துவிட்டது.

உண்மையில் இது மழைநீர். வடக்கே ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் பெய்யும் மழை சுண்ணாம்புப் பாறைகளின் விரிசல்களில் இறங்கி, 2,000 முதல் 3,000 மீட்டர் ஆழம் வரை போகிறது. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்கும்போதும் சராசரியாக 30 டிகிரி சூடு ஏறும். அப்படியானால் 3 கிலோமீட்டரில் 90 டிகிரி கூடிவிடுகிறதே! எரிமலை எதற்கு? மேலே பெய்த நீரின் அழுத்தம் தள்ள, அது தெற்கே சுமார் 80 கி.மீ. நகர்ந்து வருகிறது. வழியெல்லாம் மேலே களிமண் மூடியிருப்பதால் வெளியேற இடமில்லை. அபானோவுக்கு அடியில் பாறை உடைந்து கிடக்கிறது. அங்கே கிடைத்த சந்தில் மேலேறிவிடுகிறது. இந்தப் பயணத்துக்குக் குறைந்தது பல பத்தாண்டுகள் ஆகின்றன. அதற்குள் பாறையிலிருந்து உப்பு, புரோமின், அயோடின் எல்லாம் கரைந்து சேர்கின்றன.

ஆனால் இந்த ஊருக்குப் பேர் வாங்கித் தந்தது நீரை விடச் சேறு. குன்றுகளின் நடுவிலுள்ள சிறு ஏரிகளிலிருந்து களிமண்ணை எடுத்து, தொட்டிகளில் பரப்பி, மேலே இந்த வெந்நீரை ஓடவிட்டு இரண்டு மாதம் போல ஊறவைக்கிறார்கள். அந்தச் சூட்டிலும் நீலப்பச்சைப் பாசி என்ற நுண்ணுயிரி செழித்து வளர்ந்து, பச்சை ஆடையாகப் படர்கிறது. அது சுரக்கும் கொழுப்புப் பொருள்களுக்கு வீக்கத்தைத் தணிக்கும் தன்மை இருப்பதை ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள்.

மூட்டுவலிக்காரர்கள் இந்தச் சேற்றைப் பூசிக்கொள்ள வருகிறார்கள். முதலில் மருத்துவர் பார்த்து அனுமதிக்க வேண்டும். பிறகு விடிகாலையில், காலை உணவுக்கு முன், 40 டிகிரியைத் தாண்டிய சேற்றைப் பூசித் துணியால் சுற்றிவிடுவார்கள். கால் மணி நேரம் அப்படியே கிடக்க வேண்டும். அவ்வளவு சூட்டைத் தோல் எப்படித் தாங்குகிறது? கேழ்வரகுக் களியை நினைத்துக்கொள்ளுங்கள். ரசம் சீக்கிரம் ஆறிவிடும். களியோ மேலே ஆறியதுபோல் இருந்து உள்ளே சுடும். கெட்டியான பொருளுக்குள் நீர் சுழல முடியாது. தோலைத் தொடும் சேறு சற்றே ஆறி, ஒரு திரைபோல நின்றுவிடுகிறது. பின்னாலிருக்கும் சூடு அதன் வழியே மெதுவாகத்தான் வந்து சேரும். அதே சூட்டிலுள்ள நீரில் கிடப்பதைவிட இது இதமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

மூட்டுவலி குறைகிறது என்று சொல்லும் ஆய்வுகள் உண்டு. ஆனால் மாத்திரைக்குப் பதில் வெறும் சர்க்கரை உருண்டையைக் கொடுத்துச் சோதிப்பதுபோல், நோயாளிக்குத் தெரியாமல் பொய்ச் சேறு பூசிப் பார்ப்பது லேசான காரியமில்லை. அப்புறம், வேலையை விட்டு இரண்டு வாரம் ஓட்டலில் படுத்திருப்பதே பாதி வலியைப் போக்காதா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. இருந்தாலும் இத்தாலிய அரசின் மருத்துவத் திட்டம் இதற்கு உதவித்தொகை தருகிறது.

ரோமானியர் காலத்தில் இந்த நீர் தானாகவே பொங்கி வழிந்தது. அபோனுஸ் என்று அதற்கொரு தெய்வமும் இருந்தது. 20ஆம் நூற்றாண்டில் ஓட்டல்கள் பெருகி, ஆளுக்கொரு ஆழ்குழாய்க் கிணறு தோண்டின. நீர்மட்டம் இறங்கியது, தரையும் கொஞ்சம் அமிழ்ந்தது, ஊற்றுகள் வற்றின. இப்போது எவ்வளவு இறைக்கலாம் என்பதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. தானாக வந்த நீரை மோட்டார்தான் மேலே கொண்டுவருகிறது.