வண்டிச் சத்தம் கேட்கும் பிள்ளைகள்

குடியை நிறுத்த வருபவரிடம் முதல் வாரத்திலேயே "உங்க சின்ன வயசைப் பத்திச் சொல்லுங்க" என்று நான் கேட்பதில்லை. ஆலோசகராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டிருக்கிறேன். அழுவார்கள். எனக்கும் ஏதோ பெரிதாகச் சாதித்துவிட்ட மாதிரி இருக்கும். அப்புறம்தான் புரிந்தது: கை நடுங்கிக்கொண்டு, இரண்டு நாள் தூங்காமல், சோறு இறங்காமல் இருக்கிற மனிதர் எதைக் கேட்டாலும் அழத்தான் செய்வார்.

பல வருடம் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் 2 நாளில் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளுக்குள் சித்தம் கலங்கி, இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரியலாம். அறைக்குள் பூட்டிவைத்தே குடியை நிறுத்திவிடலாம் என்று நினைக்கும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும், உயிரே போகலாம். அது டாக்டரின் நேரம். தயமின் (வைட்டமின் பி1) ஊசி, தூக்கம், சாப்பாடு. குடும்பக் கதையை நான் எடுப்பது அநேகமாக ஒரு மாதம் கழித்துத்தான். அதற்கு முன்பே அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன், தோண்ட மாட்டேன்.

பழசை எதற்குக் கிளற வேண்டும், மாத்திரை போதாதா என்று வீட்டார் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அமெரிக்காவின் சான் டியேகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் அன்டா ஆகிய மருத்துவர்களும் அவர்கள் குழுவினரும் 9,000-க்கும் மேற்பட்டவர்களிடம் செய்த ஆய்வு 1998-ல் வெளிவந்தது. அடி, பாலியல் கொடுமை, அம்மா அடிவாங்குவதைப் பார்ப்பது, குடிப்பவரோடு ஒரே வீட்டில் வளர்வது என்று சின்ன வயதுக் காயங்களை அவர்கள் வகை பிரித்தார்கள். 4 வகையோ அதற்கு மேலோ பட்டவர்களுக்குக் குடி, போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம், எதுவும் படாதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு இருந்தது. அபாயம்தான், தலையெழுத்து அல்ல. அதே வீட்டில் அதே அப்பாவிடம் வளர்ந்த தம்பி டீயோடு நிறுத்திக்கொள்வதையும் பார்க்கிறோமே.

பேச ஆரம்பித்தால் இரண்டு வகை ஆட்கள். ஒருவர், "செத்துப்போன மனுஷனைப் பத்தி என்ன பேசறது, விடுங்க மேடம்" என்பார். அடுத்தவர், "எங்கப்பன் அடிச்ச அடிதான் என்னைக் குடிக்க வெச்சது" என்று ஒரே வரியில் வழக்கை முடித்துவிடுவார். எனக்கு முதலாமவரிடம் வேலை எளிது. இரண்டாமவருக்கு அடுத்த குவார்ட்டருக்கான காரணம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்களின் 12 படிகளில் 4-ஆம் படி, ஒருவர் தன்னைத்தானே அஞ்சாமல் கணக்கெடுப்பது. அப்பாவைக் கணக்கெடுக்க அங்கே தனிப்படி கிடையாது.

நான் ஒரு பெரிய தாளில் மூன்று தலைமுறையை வரையச் சொல்வேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், குடித்தவர்களுக்கு உள்ளே கறுப்பு. நம் ஊரில் இந்தப் படம் லேசில் அடங்காது. அக்கா மகளைக் கட்டியவருக்கு அக்காவே மாமியார். மனைவி கோபித்துக்கொண்டு போகிற அம்மா வீடும் இவருடைய அக்கா வீடும் ஒன்றுதான். அந்த அக்கா தம்பிக்காகப் பேசுவாரா, மகளுக்காகப் பேசுவாரா? வரைந்துகொண்டே வரும்போது இன்னொன்றும் தெரியவரும். "ஒரு கால்கட்டு போட்டா திருந்திடுவான்" என்று, குடியை மறைத்து நடந்த கல்யாணங்கள். மருந்தாக வந்த அந்தப் பெண்ணும் யாரோ ஒரு அப்பாவின் மகள்தான். அவள் சின்ன வயதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், வயது நாற்பதைத் தாண்டியவர். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அடி உதையெல்லாம் அவருக்கு மங்கலாகத்தான் ஞாபகம் இருந்தது. தெளிவாக இருந்தது அப்பாவின் சைக்கிள் சத்தம். ஸ்டாண்டை ஒரே மிதியில் போட்டால் அப்பா நிதானமாக வந்திருக்கிறார். இரண்டு மூன்று தடவை மிதித்தால் புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்குகிற மாதிரி படுத்துவிட வேண்டும். சைக்கிள் விழுகிற சத்தம் கேட்டால் அம்மா பிள்ளைகளைப் பின்கட்டு வழியாகப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

"நான் எங்கப்பா மாதிரி இல்ல மேடம். பிள்ளை மேல இதுவரைக்கும் கை வெச்சதில்ல" என்று முடித்தார். உண்மைதான். அவர் மனைவியும் அதையேதான் சொன்னார்.

அவர் மகளுக்குப் பதினொரு வயது. பிள்ளைகளை எடுத்த எடுப்பில் அப்பாவின் முன்னால் உட்காரவைத்துக் கேள்வி கேட்கக் கூடாது. வீட்டுக்குப் போனதும் என்ன நடக்குமோ என்ற பயத்திலேயே பாதியை விழுங்கிவிடுவார்கள். முதலில் தனியாகப் பேசினேன். "அப்பா வண்டிய ஆஃப் பண்ணிட்டு உடனே இறங்கினா நல்லா இருக்காங்க. வண்டி மேலயே உட்கார்ந்திருந்தா குடிச்சிருக்காங்க. நான் டிவிய நிறுத்திட்டுப் போய்ப் படுத்துக்குவேன்." ஏதோ வீட்டுப்பாடம் ஒப்பிக்கிற குரல். அப்பாவிடம் சொல்லலாமா என்று கேட்டேன். "நீங்களே சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். அவர் ரொம்ப நேரம் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சைக்கிளு" என்றார். அவ்வளவுதான்.

அன்று அவர் அழவில்லை. ஆனால் அப்பாவைப் பற்றி அவர் பேசுகிற விதம் மாறிவிட்டது. அந்த அப்பாவுக்கு யார் வண்டிச் சத்தம் கேட்டிருக்குமோ என்று அவரே ஒருநாள் கேட்டார். தாத்தாவின் சதுரத்தை அதுவரை வெள்ளையாக விட்டிருந்தோம்.

அப்பா நிறுத்திவிட்டார் என்பதால் வீடு உடனே பழைய பழக்கத்தை விட்டுவிடாது. மனைவி வாசலில் வைத்து மூச்சை மோந்து பார்ப்பார். மூத்த பையன் சம்பள ஏடிஎம் கார்டைத் திருப்பித் தர மாட்டான். இதை அவமானமாக எடுத்துக்கொண்டுதான் பலர் மறுபடி கடைக்குப் போகிறார்கள். அதனால் குடும்பத்தாருக்கும் தனியாக ஆலோசனை வேண்டும். பக்கத்தில் மையம் இல்லாதவர்கள் போதை மீட்புக்கு 14446, மனநல உதவிக்கு 14416 என்ற இலவச எண்களில் பேசலாம். பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098.

அவர் போன வாரம் வந்திருந்தார். கடைசியாகக் குடித்து எட்டு மாதம் ஆகிறது. "இன்னமும் வண்டிச் சத்தம் கேட்டா டிவி சவுண்டக் குறைக்கிறா மேடம். எட்டு மாசமாச்சு, இன்னுமா?" என்றார்.

"நீங்க எத்தனை வருஷம் சைக்கிள் சத்தம் கேட்டீங்க?"

விரல் விட்டு எண்ணினார். பதினாறு வந்தது. சரி, அடுத்த முறை மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.