பத்துமலை வௌவால் எச்சமும் பனியுகத்துக் கோலாலம்பூரும்

கோலாலம்பூரைச் சுற்றி ஆதியிலிருந்தே அடர்காடுதான், அதை வெட்டித்தான் ஈயச் சுரங்கமும் ரப்பர் எஸ்டேட்டும் வந்தன என்று நம்மில் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பின்பாதி உண்மை. முன்பாதியைத்தான் திருத்திக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்த காலத்தில், தீபகற்ப மலேசியாவில் காடு பெரிய அளவில் சுருங்கி, அந்த இடத்தில் புல்வெளி விரிந்திருந்தது. இதற்குச் சாட்சி, தைப்பூசத்துக்கு நாம் ஏறிப் போகிற அதே பத்துமலையின் குகைக்குள் வௌவால்கள் தலைமுறை தலைமுறையாகப் போட்டுவைத்த எச்சம்.

எச்சத்தில் அப்படி என்ன இருக்கிறது? கார்பன் இருக்கிறது, அதிலும் இரண்டு எடையில். இயற்கையில் கிடைக்கும் கார்பன் அணுக்களில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 99 கார்பன்-12, மீதி ஒன்று கார்பன்-13. பின்னதில் ஒரு நியூட்ரான் கூடுதல், அதனால் கொஞ்சம் கனம், மற்றபடி ஒரே குணம்தான். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடில் இரண்டும் கலந்தே இருக்கும். ஒரு மரம் அதை எடுத்து உணவாக்கும்போது, ரூபிஸ்கோ என்கிற நொதி, சோற்றிலிருந்து கறிவேப்பிலையை ஒதுக்கிவைக்கிற பிள்ளை மாதிரி, கனமானதை முடிந்தவரை ஒதுக்கிவிட்டு லேசானதையே எடுத்துக்கொள்கிறது. அதனால் மரத்தின் உடம்பில் கார்பன்-13 குறைவாகத்தான் சேரும்.

ஆனால் வெயிலும் வறட்சியும் மிகுந்த இடத்தில் தழைக்கிற பல புற்களுக்கு வேறு வழி இருக்கிறது. வேறொரு நொதி முதலில் கார்பனைப் பிடித்து, இலைக்குள்ளேயே ஒரு மூடிய இடத்தில் செறிவாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அங்கே ரூபிஸ்கோவுக்குத் தேர்ந்தெடுக்க அவ்வளவு இடமில்லை, வந்ததில் பெரும்பகுதியை எடுத்தாக வேண்டும். லாலாங், கரும்பு, மக்காச்சோளம் எல்லாம் இந்த வகை. உலகமெங்கும் ஒப்பிடுவதற்குப் பொதுவாக வைத்திருக்கிற ஒரு சுண்ணாம்பு அளவுகோலோடு பார்த்தால், மரங்களில் கார்பன்-13 ஆயிரத்துக்குச் சுமார் 27 பங்கு குறைவு, லாலாங் மாதிரிப் புல்லில் சுமார் 12, 13 பங்குதான் குறைவு. இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதால்தான் காடா புல்லா என்று நம்பிச் சொல்ல முடிகிறது.

சரி, இதில் வௌவால் எங்கே வந்தது? செடியைப் பூச்சி தின்கிறது, பூச்சியை வௌவால் தின்கிறது. எதைத் தின்றதோ அதன் கார்பன் விகிதம் பெரிய மாற்றமில்லாமல் உடம்பில் தொடர்ந்து வரும். இங்கே பழந்தின்னி வௌவால் உதவாது, ஏனென்றால் அது பழமரங்களை மட்டும்தான் தேடிப் போகும், சுற்றிலும் புல்லாகவே இருந்தாலும் அதன் எச்சம் மரம் என்றுதான் சொல்லும். பூச்சி தின்னும் வௌவாலுக்கு அந்தத் தேர்வு இல்லை. ஒவ்வோர் இரவும் குகையைச் சுற்றிய பரப்பில் பறந்து, அங்கே வளர்ந்ததையெல்லாம் தின்ற பூச்சிகளைப் பிடித்துக்கொண்டு அது திரும்பி வருகிறது, ஆகவே அந்த வட்டாரத்தின் சராசரி அதன் எச்சத்தில் இறங்கிவிடுகிறது. மகரந்தத்தை வைத்தும் பழைய தாவரங்களைக் கண்டுபிடிக்கலாம்தான், ஆனால் புல் மகரந்தம் பார்ப்பதற்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும், எந்த வகைப் புல் என்று பிரிப்பது கடினம்.

குகைத் தரையில் குவிந்த இந்த எச்சத்தைக் குவானோ என்பார்கள். பழைய குவானோவைப் பார்த்தால் கரும்பழுப்பு மண் மாதிரி இருக்கும். கிளறிப் பார்த்தால் பூச்சிகளின் இறக்கை, கால் துண்டுகள் தெரியும். பூச்சியின் ஓட்டிலுள்ள கைட்டின் அவ்வளவு எளிதில் மட்காது. பரிசோதனைக் கூடத்தில் முதல் வேலை அதை அமிலத்தில் கழுவுவது. பத்துமலை சுண்ணாம்புக்கல் மலை, கூரையிலிருந்து உதிர்ந்த தூள் எச்சத்தோடு கலந்திருக்கும், அந்தச் சுண்ணாம்பிலும் கார்பன் உண்டு. அதுவும் பழங்காலக் கடலின் கார்பன். அதை நுரைக்கவைத்து வெளியேற்றாவிட்டால் கணக்கு முழுக்கத் தப்பாகிவிடும். மிஞ்சியதைக் காயவைத்து, ஒரு கடுகளவு எடுத்துச் சின்னத் தகரக் குப்பியில் மடித்து, உலையில் எரித்து வாயுவாக்கி, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள் அனுப்புகிறார்கள். கருவி அந்த வாயுவின் மூலக்கூறுகளை எடைவாரியாகப் பிரித்து, 44 எடையுள்ளது (கார்பன்-12 கொண்டது) எவ்வளவு, 45 எடையுள்ளது (பெரும்பாலும் கார்பன்-13 கொண்டது) எவ்வளவு என்று எண்ணித் தருகிறது. ஒவ்வொரு அடுக்கும் எந்தக் காலத்தது என்பதைக் கதிரியக்கக் கார்பன்-14 சொல்லும். 5,730 ஆண்டுகளில் அது பாதியாகக் குறைகிறது, அதனால் சுமார் 50,000 ஆண்டுகள் வரை அதை நம்பிப் போகலாம்.

கிறிஸ்டோபர் வர்ஸ்டரும் உடன் ஆய்வாளர்களும் 2010-ல் வெளியிட்ட முடிவு இப்படித்தான் வந்தது. கடைசிப் பனியுகத்தில் தீபகற்ப மலேசியாவிலும் பிலிப்பைன்ஸின் பலவான் தீவிலும் காடு சுருங்கியிருக்கிறது, வட போர்னியோவில் மட்டும் மழைக்காடு அப்படியே நின்றிருக்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த வேறுபாடுதான். ஒரே பனியுகம், ஒரே வட்டாரம், இரண்டு விதமான விளைவு.

ஏன் இங்கே புல் பரவியது என்பதற்கு ஒற்றைக் காரணம் சொல்லக் கூடாது. அப்போது கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பினாங்கு ஒரு தீவாகவே இல்லை, சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஆசியாவோடு ஒட்டிய ஒரே நிலம். ஆழமில்லாத கடல் இருந்த இடமெல்லாம் தரையானதால் காற்றுக்குக் கிடைத்த ஈரமும் குறைந்தது. அதோடு, பனிப்பாளங்களில் சிக்கிய காற்றுக் குமிழிகளை அளந்ததில், அன்று கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 190 பங்கு அளவில்தான் இருந்தது என்று தெரிகிறது. அவ்வளவு குறைந்த அளவில் மரத்தைவிட லாலாங் வகைப் புல்லுக்குத்தான் சாதகம். வறட்சியின் பங்கு எவ்வளவு, குறைந்த கார்பன் டை ஆக்சைடின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க எச்சத்தின் கார்பன் மட்டும் போதாது. மழையை அறிய ஆக்சிஜனிடம் போக வேண்டும். சரவாக்கின் முலு குகைகளில் சொட்டுச் சொட்டாக வளர்ந்த சுண்ணாம்புத் தூண்களில் அந்தப் பதிவு இருக்கிறது, கனமழைக் காலத்தில் அவற்றில் ஆக்சிஜன்-18, அதாவது கனமான ஆக்சிஜன், குறையும்.

குகைத் தரையை யாராவது வாரிவிட்டால் எச்சத்தின் இந்த அடுக்கு வரிசை அத்தோடு போய்விடும். பத்துமலையில் 1860-களிலேயே காய்கறித் தோட்டங்களுக்கு உரமாகக் குவானோவைத் தோண்டியிருக்கிறார்கள். அன்று அவர்களுக்கு அது வெறும் உரம், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இன்று தெரிந்தபின்னும் சுண்ணாம்பு மலைகளைச் சிமெண்டுக்காக உடைக்கும்போது, உள்ளே இருப்பதை யாராவது முதலில் பார்த்தார்களா என்று கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

இந்த முறையின் கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. ரப்பர், செம்பனை, நெல் எல்லாமே கார்பன் கணக்கில் காட்டு மரங்களோடு ஒரே கூட்டம். இன்று விழுகிற எச்சத்தைப் பல்லாயிரம் ஆண்டு கழித்து ஒருவர் அளந்தால், காட்டை அழித்துச் செம்பனை நட்டது அந்த எண்ணில் தெரியாமலே போகலாம். அவர் கண்ணில் படப்போவது வேறொன்று. நிலக்கரியும் பெட்ரோலும் பழைய செடிகொடி, பாசிகளிலிருந்து வந்தவை, அவற்றில் கார்பன்-13 குறைவு. அவற்றை எரித்து எரித்துக் காற்றின் விகிதத்தையே மாற்றிவிட்டோம். தொழிற்புரட்சிக்கு முன் அதே அளவுகோலில் ஆயிரத்துக்குச் சுமார் 6.5 பங்கு குறைவாக இருந்தது, இப்போது சுமார் 8.5. அந்தக் காற்றைத்தான் இன்றைய செடி எடுக்கிறது, பூச்சி தின்கிறது, வௌவால் குகைக்குக் கொண்டுபோகிறது.