நாளுக்கு இரண்டு மீன். மூன்றாவது என்ன ஆகிறது?

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில், ஹூஸ்டனில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். கால்வெஸ்டனிலிருந்து நண்பர்களோடு வாடகைப் படகு பிடித்து, மெக்ஸிகோ வளைகுடாவில் ஓர் எண்ணெய்க் கிணற்று மேடையருகே தூண்டில் போட்டிருக்கிறார். போட்ட தூண்டிலெல்லாம் சிவப்பு ஸ்நாப்பர் கடித்திருக்கிறது. ஆனால் ஆளுக்கு இரண்டுதான் என்று படகோட்டி கறாராகச் சொல்லிவிட்டார். "கடல் நிறைய மீன் கிடக்கிறது. இரண்டு என்று யார் முடிவு செய்தார்கள்? மூன்று எடுத்தால் கடல் வற்றிவிடுமா?" என்பது அவர் கேள்வி.

வற்றாது. ஆனால் அந்த இரண்டு என்ற எண் உண்மையில் என்ன செய்கிறது, எதைச் செய்வதில்லை என்று பார்த்தால் நல்ல வேடிக்கை இருக்கிறது.

முதலில் மீன். சிவப்பு ஸ்நாப்பர், நம் ஊர்ச் சந்தைகளில் செப்பிலி என்று விற்கும் மீன்களின் அதே பேரினம். பாறைத் திட்டுகள், மூழ்கிய கப்பல்கள், எண்ணெய் மேடைகளின் கால்கள் என எது கிடைத்தாலும் சுற்றிக் கூடிவிடும். ஐம்பது வயதைத் தாண்டியும் வாழும். வாசகர் சொன்ன 'கடல் நிறைய' என்பதை இங்கேயே கொஞ்சம் தள்ளிவைக்க வேண்டியிருக்கிறது. மீன் ஓரிடத்தில் கூடும் வழக்கமுடையது என்றால், மொத்தத்தில் பாதி அழிந்தாலும் கூடுமிடத்தில் தூண்டில் கடித்துக்கொண்டேதான் இருக்கும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து அருகே காட் (cod) என்ற மீனைப் பிடித்த இழுவைக் கப்பல்களுக்கு வலை கனமாகவே வந்துகொண்டிருந்தது. 1992-இல் அந்தத் தொழிலையே மூட வேண்டியதாயிற்று.

இனி வரம்பு. வளைகுடாவில் அமெரிக்க மத்திய அரசின் கடற்பகுதிக்கு 1990-இல் ஆளுக்கு நாளொன்றுக்கு 7 மீன் என்று விதித்தார்கள். 1995-இல் அது 5 ஆனது, 1998-இல் 4, 2007-இல் 2. கூடவே 16 அங்குலத்துக்குக் குறைந்த மீனை வைத்துக்கொள்ளக் கூடாது. டெக்ஸாஸ் கரையிலிருந்து 9 கடல் மைல் வரை மாநிலத்தின் ஆட்சி. அங்கே 4 மீன், 15 அங்குலம். ஆக, ஒரே காலையில் ஒரே படகு கோட்டைத் தாண்டினால் சட்டம் பாதியாகிவிடும்.

ஏழிலிருந்து இரண்டுக்கு இறக்கினால், பிடிபடும் மீனும் ஏழில் இரண்டு பங்காகக் குறைந்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படி நடப்பதில்லை. ஒரு கற்பனைத் துறைமுகத்தில் மாலையில் நூறு தூண்டில்காரர்கள் கரை திரும்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தூண்டில் உலகில் பெரும்பான்மையோர் வெறுங்கையோடு திரும்புவதுதான் வழக்கம். எனவே அறுபது பேருக்கு ஒன்றுமில்லை. இருபது பேருக்கு ஒன்று, பத்துப் பேருக்கு இரண்டு, ஐந்து பேருக்கு மூன்று, மிச்சமிருக்கும் ஐந்து கில்லாடிகளுக்கு ஆளுக்கு ஐந்து. மொத்தம் 80 மீன். இப்போது வரம்பை ஐந்திலிருந்து மூன்றாக்குங்கள். கில்லாடிகள் ஐவரும் ஆளுக்கு இரண்டு மீனை இழப்பார்கள். மொத்தம் 70 ஆகும். இரண்டாக்கினால் 60. பலகையில் எழுதிய எண் அறுபது சதவீதம் சரிந்திருக்கிறது. பிடிப்பு குறைந்ததோ கால்வாசி. வெறுங்கையோடு போன அறுபது பேருக்குச் சட்டம் மாறியதே தெரியாது.

போதாக்குறைக்கு இது நாள் வரம்பு. நாளைக்கு மறுபடி போகலாம், மறுநாளும் போகலாம். உரிமம் வாங்குபவர்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு கிடையாது. கடலிலிருந்து வெளியேறும் மொத்த எடை என்பது ஆட்களின் எண்ணிக்கை, போகும் நாட்கள், ஒருவருக்குச் சராசரி மீன், ஒரு மீனின் சராசரி எடை ஆகிய நான்கின் பெருக்கல். நாள் வரம்பு அதில் ஒன்றை மட்டும், அதுவும் மேல்முனையில் மட்டும், கிள்ளுகிறது.

அமெரிக்காவின் மீன்வளச் சட்டத்தில் 2006-இல் செய்த திருத்தம், ஒவ்வோர் இனத்துக்கும் ஆண்டுக்கு இவ்வளவு எடைதான் என்று உச்சவரம்பு வைக்கச் சொன்னது. பெருக்கலின் விடையை முதலிலேயே எழுதிவிட்டார்கள். ஆட்களைக் குறைக்க முடியாது, மீன் இரண்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் யாரும் டீசல் செலவழித்து வரமாட்டார்கள். ஆகவே நாட்களில் கை வைத்தார்கள். 1996-இல் ஆண்டு முழுவதும் திறந்திருந்த மத்தியக் கடல், 2014-இல் வெறும் 9 நாள் திறந்தது. 2017-இல் தனியார் படகுகளுக்கு முதலில் அறிவித்தது 3 நாள். கூச்சல் பொறுக்காமல் பிறகு 39 நாள் சேர்த்தார்கள்.

இந்தக் காலத்தில் மீன் குறைந்துகொண்டா வந்தது? இல்லை, பெருகிக்கொண்டு வந்தது! பெருகியதால் சுலபமாகக் கிடைத்தது. தப்பிப் பிழைத்த மீன்கள் வளர்ந்து கனத்தன. எடைக் கணக்கில் வைத்த ஒதுக்கீடு கனமான மீன்களால் சீக்கிரமே தீர்ந்தது. மாநிலக் கடலில் பிடித்ததும் அதே கணக்கில்தான் கழிந்தது. மீன் மீள மீள, தூண்டில்காரருக்குக் கிடைத்த நாட்கள் சுருங்கின. அவர்கள் கொதித்ததில் நியாயம் இருக்கிறது. கணக்குப் போட்டவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

இப்போது வாசகரின் படகுக்கு வருவோம். மீன் அரிதாக இருந்த காலத்தில் வரம்பு பெரும்பாலோரைத் தொடவே இல்லை. மீன் மலிந்த இன்று எல்லோரும் அரை மணி நேரத்தில் இரண்டைப் பிடித்துவிடுகிறார்கள். வரம்பு இப்போதுதான் உண்மையாகவே வேலை செய்கிறது. ஆனால் முழு நாளுக்குப் படகுக் காசு கொடுத்தவர்கள் அரை மணி நேரத்தில் எழுந்து வருவார்களா? தூண்டில் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். மூன்றாவது, நான்காவது, பத்தாவது மீன் மேலே வரும். கடலில் விட்டுவிடுங்கள் என்கிறது சட்டம். விடுகிறார்கள். அது நீரின் மேல் மல்லாந்து மிதக்கிறது.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த உறுப்பு வருகிறது. எலும்பு மீன்களின் வயிற்றுக்குள் முதுகெலும்பை ஒட்டி ஒரு காற்றுப்பை இருக்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். கடல் மீன்களில் அது உடலின் கொள்ளளவில் ஏறக்குறைய 5 சதவீதம். அந்தக் காற்று இருப்பதால்தான் மீன் துடுப்பை அசைக்காமலே ஓர் ஆழத்தில் நிற்கிறது. கெண்டை போன்ற மீன்களுக்குப் பையிலிருந்து தொண்டைக்கு ஒரு குழாய் உண்டு. வேண்டாத காற்றை ஏப்பமாக விட்டுவிடும். ஸ்நாப்பருக்கு அந்தக் குழாய் கிடையாது. பை முழுக்க மூடியது.

அப்படியானால் காற்று எப்படி உள்ளே போனது? இரத்தத்தின் வழியாக. அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அறுபது மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைப் போல ஏழு மடங்கு. பைக்குள் இருக்கும் வாயுவும் அதே அழுத்தத்தில் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பை நசுங்கிவிடும். ஆனால் செவுள் வழியாக இரத்தத்தில் கலக்கும் ஆக்சிஜனுக்கு அந்த அழுத்தம் கிடையாது. நீரில் கரைந்த ஆக்சிஜன் அங்கேயும் மேல்மட்டத்துக் காற்றோடு சமநிலை கண்ட அளவுதான், பெரும்பாலும் அதைவிடக் குறைவு. குறைந்த அழுத்தத்திலிருந்து மிக அதிக அழுத்தத்துக்குள் வாயுவைத் திணிக்க வேண்டும். பம்ப் கிடையாது, வால்வு கிடையாது.

மீன் இதை அமிலத்தால் செய்கிறது. பையின் சுவரில் ஒரு வாயுச் சுரப்பி இருக்கிறது. அதன் செல்கள் ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதே, ஏதோ மூச்சு முட்டியதைப் போல, சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்கி இரத்தத்தில் கொட்டுகின்றன. அமிலம் பட்டதும் மீனின் ஹீமோகுளோபின் தான் சுமந்துவந்த ஆக்சிஜனை உதறிவிடுகிறது. சுற்றிலும் ஆக்சிஜன் எவ்வளவு அதிகமாக இருந்தாலும் அதன் ஒரு பகுதியைத் திரும்பப் பிடித்துக்கொள்ள அதனால் முடிவதில்லை. நம் ஹீமோகுளோபினால் இப்படி முடியாது. இதை 1931-இல் விவரித்த ரூட் என்பவரின் பெயராலேயே ரூட் விளைவு என்கிறார்கள்.

உதறிய ஆக்சிஜனில் கொஞ்சம் பைக்குள் போகும். மிச்சம் சிரை வழியே வெளியே ஓடிவிட வேண்டியதுதானே? ஓட விடுவதில்லை. சுரப்பிக்கு வரும் தமனியும் திரும்பும் சிரையும் நூற்றுக்கணக்கான, சில மீன்களில் ஆயிரக்கணக்கான, மெல்லிய தந்துகிகளாகப் பிரிந்து, ஒன்றையொன்று உரசிக்கொண்டு எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. உடற்கூறியலில் இதற்கு அற்புத வலை என்றே பெயர். கோயிலில் தரிசனம் முடித்து வெளியேறுகிற வரிசையும் உள்ளே போகிற வரிசையும் பக்கத்துப் பக்கத்தில் நகர்வதாகவும், வெளியேறுகிறவர்கள் தங்கள் லட்டுகளை எல்லாம் உள்ளே போகிறவர்கள் கையில் திணித்துவிடுவதாகவும் நினைத்துப் பாருங்கள். உள்ளே மடைப்பள்ளியில் புதிது புதிதாக லட்டு வேறு தந்துகொண்டிருக்கிறார்கள். வெளியே ஒரு லட்டும் வராது. உள்ளே லட்டு மலையாகக் குவியும். அப்படித்தான் வெளியேறும் இரத்தத்தின் ஆக்சிஜன் உள்ளே வரும் இரத்தத்துக்குத் தாவித் தாவிச் சுரப்பியருகே அழுத்தமாகச் சேர்கிறது. உறுப்புகளிலேயே அழகானது எது என்று யாராவது கேட்டால், இதயம், மூளை என்றெல்லாம் சொல்லாமல் நான் இதைத்தான் சொல்வேன்.

காற்றை வெளியேற்றவும் வழி உண்டு. பையின் மேற்புறத்தில் ஒரு சின்ன வட்டத்தைத் திறந்து, வாயுவை இரத்தத்துக்குள் மெல்லக் கசியவிடும். அதற்கு மணிக்கணக்கில் நேரம் பிடிக்கும். மீன் தானாக மேலே வந்தால் அந்த நேரம் அதற்குக் கிடைக்கும். தூண்டிலில் சுருட்டி இழுத்தால் கிடைப்பது ஓரிரு நிமிடம்தான்.

மிச்சம் பாயில் விதி. ஏழு மடங்கு அழுத்தம் ஒரு மடங்காகும்போது வாயு ஏழு மடங்கு விரியப் பார்க்கிறது. பை கிழிகிறது. காற்று உடலுக்குள் பரவி, இரைப்பையை உள்ளிருந்து புரட்டி வாய்க்கு வெளியே தள்ளுகிறது. கண்கள் பிதுங்குகின்றன. இந்த மீனைத்தான் 'உயிரோடு விட்டாயிற்று' என்று கடலில் போடுகிறோம். பலூன் கட்டியதைப் போல மிதக்கும் அதனால் கீழே இறங்க முடியாது. படகைச் சுற்றும் டால்பின்களுக்கு இது தெரியும். காத்திருந்து கவ்விக்கொண்டு போகின்றன.

நாள் வரம்பு ஐஸ் பெட்டியில் இருக்கும் மீனை எண்ணுகிறதே தவிர, செத்த மீனை எண்ணுவதில்லை. இன்னும் மோசமானது, முதலில் பிடித்த சிறியதை நழுவவிட்டு, பெரியது கிடைக்கும் வரை மாற்றிக்கொண்டே போகும் பழக்கம். 61 செ.மீ. நீளமுள்ள ஒரு பெண் ஸ்நாப்பரின் முட்டைகளுக்கு ஈடுகட்ட 42 செ.மீ. பெண் மீன்கள் 212 வேண்டும் என்பது இத்துறையில் அடிக்கடி எடுத்தாளப்படும் கணக்கு. பெரியதைத் தேடி அலைபவர் ஒரு மீனுக்கு இரண்டு கொலை செய்கிறார்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஃபுளோரிடாவின் கிழக்குப் பக்கம், அட்லான்டிக்கில் உதாரணம் இருக்கிறது. அங்கே ஆளுக்கு ஒரே ஒரு ஸ்நாப்பர்தான். 2024-இல் அதைப் பிடிக்க மத்தியக் கடல் திறந்திருந்த நாட்கள்: ஒன்று. ஜூலை 12. மீன் அங்கே அமோகமாக இருக்கிறது. வேறு மீனுக்குப் போட்ட தூண்டிலில் மாட்டி, விடப்பட்டு, செத்துப்போகும் ஸ்நாப்பர்களே ஒதுக்கீட்டின் பெரும்பகுதியைத் தின்றுவிடுகின்றன.

தமிழ்நாட்டில் இந்த நாள் வரம்பு வழக்கமில்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளை நிறுத்திவைக்கிறோம். முரட்டு வழிதான், ஆனால் தடை நாளில் யாரும் மூன்றாவது மீனைக் கடலில் வீசுவதில்லை.

கடலில் எத்தனை ஸ்நாப்பர்கள் இருக்கின்றன என்பதே பெரிய சண்டையாக இருந்தது. கடைசியில் அமெரிக்க நாடாளுமன்றம் ஏறத்தாழ ஒரு கோடி டாலர் ஒதுக்கி, பல்கலைக்கழக ஆய்வாளர்களை எண்ணச் சொன்னது. 2021-இல் வந்த விடை சுமார் 11 கோடி மீன்கள். அதுவரை அரசு வைத்திருந்த மதிப்பீட்டைப் போல மூன்று மடங்கு. பெரும்பங்கு, பாறையும் மேடையும் இல்லாத வெறும் சேற்று மணல் தரையில், யாரும் தூண்டில் போடாத இடங்களில் இருந்தது. பிறகு அந்த எண்ணை வைத்தும் விவாதம் நடந்தது, நடக்கட்டும். எண்ணிப் பார்க்கக் காசு கொடுக்காமல் வருடக்கணக்கில் கத்திக்கொண்டிருந்தார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. நம் கடல்களில் இப்படி ஒரே ஓர் இனத்தையாவது தலையெண்ணிப் பார்க்க யாராவது பணம் தருவார்களா? 'கடல் அன்னை குறைவைக்க மாட்டாள்' என்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுவோம். இதில் படித்தவர்களும் சளைத்தவர்கள் அல்லர். 1883-இல் லண்டனில் புகழ்பெற்ற உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லியே காட் முதலான பெருங்கடல் மீன்வளம் அழியாதது என்று மேடையில் பேசியிருக்கிறார்.

ஹூஸ்டன் வாசகருக்கு: நீங்கள் மூன்றாவதை எடுப்பதால் கடல் வற்றாது. இரண்டோடு நின்றதாலும் கடல் தப்பிவிடவில்லை. இரண்டு கிடைத்ததும் படகை வேறு மீன் இருக்கும் ஆழங்குறைந்த இடத்துக்கு நகர்த்தச் சொல்லுங்கள். அப்படியும் மாட்டினால் இறக்கு கருவி என்று ஒன்று இருக்கிறது. மீனின் தாடையைக் கவ்வும் ஒரு பிடி, அதோடு ஒரு கனமான ஈயக்குண்டு. கீழே போகப் போகக் காற்று சுருங்கும், கண்கள் உள்ளே போகும். குறித்த ஆழத்தில் நீரின் அழுத்தமே பிடியைத் திறந்துவிடும், மீன் நீந்திப் போகும். கிழிந்த பை சில நாட்களில் ஒட்டிக்கொள்வதையும் பார்த்திருக்கிறார்கள். இந்தக் கருவியோ, காற்றை வெளியேற்றும் குழல் ஊசியோ, ஏதாவது ஒன்றை எடுத்துவைத்து உடனே பயன்படுத்தத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்ற சட்டம் வளைகுடாவில் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

ஊசிதான் கையில் இருக்கிறது என்றால் மார்புத் துடுப்புக்குப் பின்னால் சாய்வாகக் குத்த வேண்டும். வாய்க்கு வெளியே உப்பிக்கொண்டு தெரிவதைக் காற்றுப்பை என்று நினைத்துக் குத்துகிறவர்கள் நிறையப் பேர். அது இரைப்பை.