“90 சதவீதம் முடிஞ்சது சார்”: திட்ட மேலாண்மை படிக்கப் போகும் பொறியாளர்களுக்கு

வேலைக்குச் சேர்ந்த ஆறாவது வருடம்தான் ஒரு திட்டத்தை முழுக்க என் பொறுப்பில் விட்டார்கள். ஓர் ஆலைக்கான குளிர்நீர்க் குழாய் அமைப்பு. வாராவாரம் ஆய்வுக் கூட்டத்தில் “எவ்வளவு முடிஞ்சிருக்கு?” என்று கேட்பார்கள். எட்டாவது வாரம் 70 சதவீதம் என்றேன். பத்தாவது வாரம் 90. அதற்கப்புறம் ஏழு வாரம் அந்த 90 நகரவே இல்லை.

நான் பொய் சொல்லவில்லை. குழாய்கள் எல்லாம் கண்ணெதிரே நின்றுகொண்டிருந்தன. மீதி இருந்தவை ஹைட்ரோ டெஸ்ட் (குழாயில் தண்ணீரை அழுத்தி நிரப்பிக் கசிவு பார்ப்பது), உள்ளே தண்ணீர் அடித்துக் கழுவுவது, வெல்டிங் பரிசோதனைப் பதிவுகள், வாடிக்கையாளரின் கையெழுத்து. சைட்டைச் சுற்றி வந்தால் இதில் ஒன்றும் கண்ணில் படாது. நாள்களைத் தின்றது இவைதான்.

இரண்டு வருடம் கழித்து, வேலையில் இருந்தபடியே திட்ட மேலாண்மையில் முதுநிலைப் படிப்பில் சேர்ந்தேன். இப்போது அதே மாதிரிப் படிப்புகளுக்கு அவ்வப்போது வகுப்பும் எடுக்கிறேன். “இதைப் படிக்கலாமா?” என்று கேட்டு வரும் இளம் பொறியாளர்கள் பலர், இது ஏதோ ஒரு ஷெட்யூல் மென்பொருளைக் கற்றுத்தரும் படிப்பு என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். பாடத்திட்டத்தில் பாதி மென்பொருள்தான் என்றால் அந்தப் படிப்பை விட்டுவிடலாம். அதை ஒரு மாதத்தில் வீட்டிலிருந்தே பழகிக்கொள்ள முடியும். எந்த வேலைகள் தாமதமானால் மொத்தத் திட்டமும் தாமதமாகும் என்று காட்டும் கிரிட்டிக்கல் பாத் முறை டூபான்ட் நிறுவனத்தில் உருவானது 1957-இல். அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக, வேலைக்கு ஆகும் நாளை மதிப்பிடும் பெர்ட் முறையைக் கொண்டுவந்தது 1958-இல். மேசைக் கணினி வருவதற்குப் பல வருடம் முன்பே இந்தக் கணக்குகள் இருந்தன. எந்த வேலைக்குப் பின் எது என்று காட்டும், இருபது வேலைகள் கொண்ட ஒரு வலைப்படத்தைக் காகிதத்தில் வரைந்து, முன்னோக்கி ஒருமுறை, பின்னோக்கி ஒருமுறை கூட்டிக் கழித்து, எந்த வேலைக்கு எத்தனை நாள் ஃப்ளோட் (திட்டத்தைப் பாதிக்காமல் தள்ளிப்போகக்கூடிய நாள்) இருக்கிறது என்று கையால் கண்டுபிடித்தவருக்கு, மென்பொருள் தப்பாகக் காட்டினால் உடனே தெரியும். மற்றவர்கள் திரையில் வரும் சிவப்புக் கோட்டை அப்படியே நம்புவார்கள்.

என் 90 சதவீதத்துக்கு மருந்து கிடைத்தது எர்ண்டு வேல்யூ வகுப்பில். செலவான உழைப்பையும் உண்மையில் முடிந்த வேலையையும் ஒப்பிடும் முறை அது. கணக்கு ரொம்ப எளிது. மொத்த வேலைக்கு 1000 மணி நேர உழைப்பு ஒதுக்கியிருக்கிறோம். திட்டப்படி இன்றைக்குள் 600 மணிக்கான வேலை முடிந்திருக்க வேண்டும். உண்மையில் முடிந்தது 450 மணிக்கான வேலை. அதற்குச் செலவானது 640 மணி. 450-ஐ 640-ஆல் வகுத்தால் சுமார் 0.70. ஒரு மணி நேரம் உழைத்தால் 42 நிமிட வேலைதான் நடக்கிறது என்று அர்த்தம். இதே வேகத்தில் போனால் மொத்த வேலைக்கும் 1000 மணி போதாது, 1420-ஐத் தாண்டும். இதை வேலை பாதிகூட முடியாத கட்டத்திலேயே சொல்லிவிடலாம் என்பதுதான் விஷயம்.

ஆனால் அந்த 450 எங்கிருந்து வந்தது? அங்கேதான் நான் கோட்டை விட்டிருந்தேன். ‘முடிந்தது’ என்பதை என் கண்ணால் மதிப்பிட்டேன். ஒவ்வொரு குழாய் லைனுக்கும் முன்கூட்டியே விதி வைத்திருக்க வேண்டும்: பொருத்தி வெல்டிங் முடிந்தால் 60 சதவீதம், டெஸ்ட் தேறினால் இன்னொரு 25, ஆவணம் கையெழுத்தானால் மீதி 15. இந்த எண்கள் ஒவ்வொரு திட்டத்துக்கும் மாறும். வேலை தொடங்கும் முன்பே எல்லாரும் அவற்றை ஒத்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

(இதே கணக்கில் ஒரு ஓட்டையும் உண்டு. முடிந்த வேலையைத் திட்டமிட்ட வேலையால் வகுத்துக் காலக் குறியீடு எடுப்போம் அல்லவா? ஆறு மாதம் தாமதமான திட்டத்திலும், வேலை முழுக்க முடிந்ததும் அது 1 ஆகிவிடும். கடைசி மாதங்களில் அதை நம்பி அறிக்கை எழுதாதீர்கள். நல்ல ஆசிரியர் இதை முதல் வாரமே சொல்லிவிடுவார்.)

அடுத்தது மதிப்பீடு. பொறியாளர்களிடம் “எத்தனை நாள் ஆகும்?” என்று கேட்டால், எல்லாம் சரியாக நடந்தால் ஆகும் நாளைத்தான் சொல்வோம். பெர்ட் கணக்கில் மூன்று எண் கேட்பார்கள். நன்றாகப் போனால் 10 நாள், வழக்கமாக 14, மோசமாகப் போனால் 30. நடுவில் உள்ளதை நான்கால் பெருக்கி, மூன்றையும் கூட்டி, ஆறால் வகுத்தால் 16. நம் வாயில் வந்ததோ 14. இன்னொன்று இதைவிடக் கெட்டது. அடித்தளம், பம்ப் வரவு, மின் பேனல் என ஒன்றையொன்று சாராத மூன்று வேலைகளும் முடிந்தால்தான் அடுத்த கட்டம் தொடங்கும். ஒவ்வொன்றும் சொன்ன நாளில் முடிய 80 சதவீத வாய்ப்பு. மூன்றும் சேர்ந்து முடிய? 0.8-ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள்: 51 சதவீதம். காசு சுண்டிப் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. சிட்னி ஓபரா ஹவுஸ் 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் முடியும் என்று தொடங்கி, 10.2 கோடி டாலரில் 1973-இல்தான் திறக்கப்பட்டது என்பது எல்லா வகுப்பிலும் வரும் உதாரணம். அதைக் கேட்டு மாணவர்கள் சிரிப்பார்கள். தங்கள் திட்டத்தின் மூன்று எண்ணை எழுதச் சொன்னால் சிரிப்பு நின்றுவிடும்.

ஒப்பந்தச் சட்டப் பாடத்தைப் பொறியாளர்கள் தூங்குவதற்கு ஒதுக்கிவைப்பார்கள். நானும் தூங்கியவன்தான். வாடிக்கையாளர் சைட்டில் நின்று “அந்த வால்வை மட்டும் கொஞ்சம் நகர்த்திடுங்க” என்று சொல்ல, எழுத்தில் வாங்காமல் நகர்த்தி, அந்தச் செலவை ஒரு வருடம் கழித்தும் வாங்க முடியாமல் நின்றபோதுதான் அந்தப் புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன்.

சரி, பட்டமா, சான்றிதழா? இரண்டும் வேறு வேறு. 1969-இல் தொடங்கப்பட்ட பிஎம்ஐ (புராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிட்யூட்) என்ற அமைப்பு திட்ட மேலாளர்களுக்கு வழங்கும் பிஎம்பி சான்றிதழ் 1984-இலிருந்து இருக்கிறது. அதற்குத் தேர்வு மட்டும் போதாது; நான்கு வருடப் பட்டம் இருந்தாலும் திட்டங்களை வழிநடத்திய 36 மாத அனுபவம் காட்ட வேண்டும். ‘எங்கள் முதுநிலைப் பட்டத்தோடு பிஎம்பி கையில்’ என்று கல்லூரியை முடித்த கையோடு வருபவர்களிடம் விளம்பரம் செய்தால், அந்த அனுபவம் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். அனுபவமில்லாதவர்களுக்கு அதே அமைப்பின் சிஏபிஎம் என்ற தொடக்கநிலைச் சான்றிதழ் உண்டு. பல்கலைக்கழகப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தர அவர்களிடம் தனிக் குழுவும் இருக்கிறது; நீங்கள் பார்த்துவைத்த படிப்பு அந்தப் பட்டியலில் உள்ளதா என்று தேடிப் பார்க்கலாம்.

எப்போது சேர்வது? மூன்று வருடமாவது சைட்டிலோ டிசைனிலோ அடிபட்ட பிறகு என்பேன். எனக்குத் தெரிந்த சிலர் இதை ஒத்துக்கொள்வதில்லை. சின்ன வயதிலேயே படித்தால் மனதில் ஏறும் என்கிறார்கள். என் வகுப்பில் நான் பார்த்த வரை, அனுபவம் இல்லாதவர்கள் சூத்திரத்தை நன்றாக எழுதுகிறார்கள், எந்த எண்ணைச் சந்தேகப்பட வேண்டும் என்பது மட்டும் அவர்களுக்குப் பிடிபடுவதில்லை. சேரும் முன் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: கடைசிப் பருவத்தில் உண்மையான ஒரு திட்டத்தின் எண்களை வைத்து வேலை செய்ய விடுவார்களா, இல்லை, புத்தகத்து உதாரணத்தோடு முடித்துவிடுவார்களா?

இப்போது என் ஆய்வுக் கூட்டங்களில் சதவீதம் சொல்லத் தடை. போன வாரம் குழாய் வேலையைப் பார்க்கும் பையனிடம், எத்தனை லைன் டெஸ்ட் முடிந்து கையெழுத்தாகியிருக்கிறது என்று கேட்டேன். வழக்கம்போல “ஏறக்குறைய…” என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டு, நோட்டைப் பார்த்து, “42-இல் 11, சார்” என்றான். அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் இன்னொரு டெஸ்ட் பம்ப் வாடகைக்கு எடுப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம்.