எயார் பொக்ஸில் ஓட்டை போடுவதற்கு முன்

அண்மையில் பரந்தன் பக்கம் ஒரு கராஜுக்கு ஒரு பழைய கொரோலா கார் வந்தது. எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிக்கும் எயார் பில்டர் இருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியின் (எயார் பொக்ஸ்) கீழ்ப் பாதியில், ட்ரில்லால் வரிசையாக ஓட்டைகள் போட்டிருந்தார்கள். "அண்ணை, இப்ப நல்லா மூச்செடுக்குது. சத்தமே வேற" என்றான் அதை ஓட்டி வந்த தம்பி. சத்தம் வேறுதான். இழுவை கூடியதா என்பதைக் காது சொல்லாது. மேசன்மார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய் சொல்லும்.

முதலில் எஞ்சினின் பசியைப் பார்ப்போம். ஒரு கிலோ பெற்றோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். லீற்றர்க் கணக்கில், ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 9000 லீற்றருக்கும் மேல் காற்று. 1500 சிசி எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்றில் முழுதாக இழுத்தால், விநாடிக்கு 75 லீற்றர் உள்ளே போகும். 200 லீற்றர் பரல் ஒன்று மூன்று விநாடிக்குள் காலி.

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய வன்னிச் சனத்துக்கு இந்தக் காற்று வழி நல்ல பழக்கம். காற்றையும் எரிபொருளையும் கலக்கும் காபரேற்றரின் வாய்க்குள் சில துளி பெற்றோல் விட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணுவார்கள். இன்றைய வாகனத்தில் உள்ளே போகும் காற்றைச் சென்சர் அளக்கிறது, அதற்கேற்ப எரிபொருளைக் கணினி கொடுக்கிறது. ஆகவே காற்றின் எடை கூடினால்தான் வலு கூடும். கன அளவு மட்டும் போதாது, எடை வேண்டும்.

அந்த எடையைக் குறைப்பவை இரண்டு: வழியில் உள்ள நெருக்கடி, காற்றின் சூடு.

நெருக்கடியை அளக்கத்தான் தண்ணீர்க் குழாய். தெளிவான குழாயை யு வடிவில் வளைத்து, சாயம் கலந்த தண்ணீரைப் பாதிவரை விடுங்கள். ஒரு முனையை பில்டருக்கும் திரொட்டிலுக்கும் (அக்சிலேற்றரை மிதிக்கத் திறக்கும் காற்றுக் கதவு) இடையிலுள்ள குழாயில் இறுக்கமாகப் பொருத்துங்கள். மறுமுனை வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கட்டும். யு-வின் இரு கைகளும் ஒரு மீற்றராவது உயரம் இருக்க வேண்டும். உயரம் குறைந்தால் தண்ணீர் எஞ்சினுக்குள் போய்விடும். ஒருவர் அக்சிலேற்றரை முழுதாக மிதித்து ஓட்ட, மற்றவர் இரு மட்டங்களின் வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். வளிமண்டல அழுத்தம் என்பது ஏறத்தாழ 1033 சென்ரிமீற்றர் தண்ணீர். அப்படியென்றால் 10 சென்ரிமீற்றர் வித்தியாசம் வெறும் 1 வீத இழப்பு. குழாய் 20 காட்டினால், பெட்டியையே தூக்கி எறிந்தாலும் மீளக் கிடைப்பது 2 வீதம்தான்.

இப்போது சூடு. சாதாரண வெயிலில் காற்று 3 பாகை சூடேறினால் அதன் எடை ஏறத்தாழ 1 வீதம் குறையும். வெளியே 30 பாகை, மூடிய பொனட்டுக்குள் 60 பாகை என்றால் 9 வீதம் போயிற்று. அந்தத் தம்பியின் ஓட்டைகள் செய்த வேலை இதுதான்: முன் கிறில்லுக்குப் பின்னாலிருந்து வந்த வெளிக்காற்றோடு ரேடியேற்றரின் வெக்கையையும் கலந்தன. இரண்டு வீதத்தைத் தேடி அதைவிடக் கூடுதலாக இழக்கிற வேலை. சூடான காற்றில் எரிபொருள் தாறுமாறாக வெடித்து எஞ்சின் தட்டத் தொடங்கினால், கணினி தீப்பொறியைப் பிந்த வைத்து வலுவை இன்னும் குறைக்கும்.

அப்ப சத்தம்? பெட்டியோடு ஒட்டியிருக்கும் வெற்று அறை ஒன்றைப் பலர் வீண் என்று வெட்டி எறிகிறார்கள். போத்தல் வாயில் ஊதினால் ஒரு சுருதி எழுமே, அதே தத்துவத்தில் எஞ்சினின் உறுமலை விழுங்கும் அறை அது. ஓட்டை போட்டதும் உறுமல் வெளியே வருகிறது. மனம் அதை வேகம் என்று எடுத்துக்கொள்கிறது.

இன்னொன்று. இரணைமடுக் குளத்தின் துருசை (தண்ணீர் திறந்துவிடும் கதவு) பாதி மூடிவைத்துக்கொண்டு அதற்கு மேலே குளத்தை எவ்வளவு ஆழப்படுத்தினாலும், வாய்க்காலில் அந்த நேரம் பாயும் தண்ணீர் பெரிதாகக் கூடாது. திரொட்டில் என்பது அந்தத் துருசு. ஏ9 வீதியில் சட்டப்படி 70 கிலோமீற்றரில் போகும்போது அது பெரும்பாலும் மூடித்தான் இருக்கிறது. பெட்டியின் நெருக்கடி தெரிவது முழுதாக மிதிக்கும் சில விநாடிகளில் மட்டுமே.

அப்படியும் மாற்ற விரும்பினால், பில்டருக்கு முன்னாலும் பின்னாலும் தனித்தனியாக அளந்து, இழப்பு எங்கே கூடுகிறது என்று பாருங்கள். பில்டரில் என்றால் புதியது போதும். சோளகம் அடிக்கும் மாதங்களில் கிரவல் ரோட்டில் ஓடும் வாகனத்துக்கு அது அடிக்கடி தேவை. உள்வாங்கும் குழாயில் என்றால், அதன் வாயை நாதஸ்வரத்தின் வாய்போல் விரித்து, குளிர்காற்று வரும் இடத்திலேயே வையுங்கள். ஆனால் பம்பருக்குக் கீழே இறக்க வேண்டாம். 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்ததுபோன்ற வெள்ளத்தில், அந்த வாய் தண்ணீரை உறிஞ்சும். தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலெழும்போது அதைத் தாங்கும் தண்டான கொனெக்ரிங் றொட் வளைந்துவிடும்.

பில்டருக்குப் பிறகு வரும் பகுதியில் மட்டும் ஒருபோதும் திறப்பு விடாதீர்கள். புழுதியிலுள்ள குவார்ட்ஸ் துகள் சிலிண்டர் இரும்பைவிடக் கடினமானது, சுவரைச் சுரண்டும். அளந்து முடிந்ததும், குழாய் பொருத்திய அந்தச் சின்னத் துளையையும் றப்பர் கட்டையால் அடைத்து, கிளிப் போட்டு இறுக்கிவிடுங்கள்.