மண்வெட்டிக்கு ஓர் ஒழுங்கு, போனுக்கு வேறோர் ஒழுங்கா? மண் மாதிரிச் செயலியைத் திருத்தி அமைப்போர் கவனத்துக்கு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு வயலில் மண் மாதிரி எடுப்பவரின் வேலை எப்படி நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். வரம்பில் நின்று காணிக்காரரிடம் விபரம் கேட்பார். பிறகு உள்ளே இறங்கி, குறுக்கும் நெடுக்குமாக நடந்து 15 முதல் 20 இடங்களில் 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு வெட்டி, குழியின் பக்கத்திலிருந்து ஒரு சீவல் மண்ணை எடுத்து வாளியில் போடுவார். எல்லாவற்றையும் கலந்து, பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு பங்கை ஒதுக்குவார். அரைக் கிலோ மிஞ்சும்வரை அப்படியே செய்து பையில் கட்டுவார். அதற்குப் பிறகுதான் வாய்க்காலில் கை கழுவுவார்.

இந்த வேலைக்கான படிவத்தை ஆய்வுகூட அறிக்கையைப் பார்த்து அமைத்தால், முதல் திரையில் பீஎச் (மண்ணின் புளிப்பு, கார அளவு), அடுத்ததில் உவர் (உப்பின் அளவு), ஏழாவதில்தான் காணிக்காரரின் பெயர் வரும். சேற்றுக் கையோடு நிற்பவர் என்ன செய்வார்? கொப்பித் தாளில் கிறுக்கிக்கொண்டு போய், இரவுச் சாப்பாடு முடிந்தபின் வீட்டில் இருந்து நிரப்புவார். ஜிபிஎஸ் பொத்தானையும் அங்கேதான் அழுத்துவார். வரைபடத்தில் பத்து வயலும் ஒரே வீட்டு முற்றத்தில் குவிந்து கிடந்தால் ஆளைத் திட்டிப் பயனில்லை. படிவத்தின் ஒழுங்கைத்தான் மாற்றவேண்டும்.

ஒரே நீளப் படிவத்தை மூன்றாக வெட்டுங்கள். முதலாவது வரம்பில், கை சுத்தமாக இருக்கும்போது: இடப்புள்ளி, காணி, போன போகம் என்ன விதைத்தது, கடைசியாகப் பசளை போட்டது எப்போது, வயலில் தண்ணீர் நிற்கிறதா. இரண்டாவது பை கட்டிய பிறகு: லேபலை ஸ்கான் செய்வது, ஒரு படம், கைப்பதம் (மண்ணைக் கையால் பிசைந்து வகை அறிவது) பார்த்த முடிவு. மூன்றாவது மேசையில்: பீஎச்சையும் உவரையும் அளக்கும் மீற்றர்களின் வாசிப்புகள். வெட்டும் நேரத்தில் போன் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். ஈரச் சேறு பட்ட விரலை இந்தத் திரைகள் ஒழுங்காக உணர்வதில்லை. ஒரு தொடுகை இரண்டாகப் பதியும், அல்லது பதியவே பதியாது. மூன்று பகுதியையும் இணைப்பது லேபல் இலக்கம் ஒன்றுதான்.

அந்த லேபலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். பையின் வெளிப்பக்கத்தில் மார்க்கரால் எழுதிய எழுத்து அழிவதாலும் மாதிரிகள் வீணாகின்றன. ஈர மண் பைக்குள் வியர்க்கும், தாள் ஊறும், பால்பேனை மை பரவும். கியூஆர் குறியோடு முன்கூட்டியே அச்சிட்ட லேபல்களை ஒரு மாதிரிக்கு மூன்று பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைச் சிறிய பொலித்தீனில் சுற்றிப் பைக்குள் வைக்கவேண்டும், ஒன்றை வெளியே ஒட்டவேண்டும், ஒன்றைக் காணிக்காரர் கையில் கொடுக்கவேண்டும். கையால் எழுத நேர்ந்தால் பென்சில்தான். இலக்கம் வெறும் எண்களாகவே இருக்கட்டும். ஆங்கில ஓவும் பூச்சியமும் கலந்தால் மாலைக்குள் குழப்பம் வந்துவிடும். கடைசி இலக்கத்தைச் சரிபார்ப்பு இலக்கமாக வைத்தால், ஸ்கான் வேலைசெய்யாமல் கையால் தட்டும்போது ஓர் இலக்கம் பிழைத்தாலும் செயலி உடனே காட்டிக்கொடுக்கும்.

இனி ஜிபிஎஸ். டேட்டா இல்லாத இடத்தில் போனைத் திறந்தவுடன் புள்ளி சரியாக வராது. சில நிமிடம் திறந்த வானத்தின் கீழ் வைக்கவேண்டும். மாமர நிழலில் நின்று எடுத்தால் புள்ளி அலையும். திரையில் துல்லியம் எத்தனை மீற்றர் என்று பெரிதாகக் காட்டுங்கள். 5 மீற்றருக்குள் வந்தால் தானாக எடுக்கட்டும், வராவிட்டால் 'இருப்பதை எடு' என்று ஒரு பொத்தான் இருக்கட்டும், ஆனால் துல்லிய எண்ணும் சேர்ந்தே பதியவேண்டும். பதிவில் ஐந்து தசமதானம் போதும், அது ஏறத்தாழ ஒரு மீற்றர். மூன்று தசமதானத்தோடு நிறுத்தினால் 110 மீற்றர், அதாவது பக்கத்து வயல்.

கையால் தட்டுகிறவர்கள் அகலாங்கையும் நெட்டாங்கையும் இடம்மாற்றிப் போடுவார்கள். மட்டக்களப்பு நகரம் ஏறத்தாழ 7.7, 81.7. இதைத் திருப்பிப் போட்டால் அகலாங்கு 81.7 ஆகும். 90க்குள் இருப்பதால் சாதாரணச் சோதனை அதைப் பிழை என்று சொல்லாது. வயல் வடதுருவக் கடலில் போய் மிதக்கும். ஆகவே பொதுவான எல்லை வேண்டாம். மட்டக்களப்பு, அம்பாறை இரு மாவட்டத்துக்கும் அகலாங்கு 6க்கும் 9க்கும் இடையில், நெட்டாங்கு 80க்கும் 82க்கும் இடையில் என்று கட்டிவிடுங்கள். பிரதேச செயலகப் பிரிவைப் புள்ளியிலிருந்தே கண்டுபிடிக்கலாம், வாவியிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் அப்படியே. போன் கணக்குப் பார்க்கக்கூடியதை மனிதரிடம் கேட்கக்கூடாது.

காணியின் அளவுக்கு ஒரே ஒரு தசமப் பெட்டி வைப்பது நம் நாட்டில் நிச்சயமாகப் பிழைக்கும். காணி உறுதியில் 2 ஏக்கர் 3 றூட் 20 பேர்ச் என்று இருக்கும். அவசரத்தில் 2.3 என்று தட்டுவார்கள். ஓர் ஏக்கருக்கு 4 றூட், 160 பேர்ச். எனவே உண்மையான அளவு 2.875 ஏக்கர். 2.3 என்று பதிந்தால் ஐந்தில் ஒரு பங்கு காணி காணாமற்போய்விடும், பசளைக் கணக்கும் அதே அளவுக்குக் குறையும். மூன்று பெட்டி வையுங்கள். றூட் 3க்கு மேலே போனாலும் பேர்ச் 40ஐத் தொட்டாலும் கேள்வி கேட்கட்டும்.

மண்ணின் வகையைக் கேட்கும் இடத்தில் 'களி, இருவாட்டி (மணலும் களியும் கலந்தது), மணல்' என்று பட்டியல் கொடுத்தால் ஊருக்கு ஊர் விடை மாறும். 'வண்டல்' இன்னும் மோசம். ஆற்றுவெள்ளம் கொண்டுவந்து போட்ட மண்ணையும் அப்படித்தான் சொல்கிறோம், மணலுக்கும் களிக்கும் இடைப்பட்ட அளவுத் துணிக்கையையும் அப்படித்தான் சொல்கிறோம். பெயரைக் கேட்காமல் கண்டதைக் கேளுங்கள். ஈரப்படுத்திப் பிசைந்தால் உருண்டை நிற்கிறதா? நிற்காவிட்டால் மணல். நின்றால், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் நாடாவாகத் தள்ளும்போது உடையாமல் எவ்வளவு நீளம் வருகிறது? நாடாவே வராவிட்டால் களி மிகக் குறைந்த மணல், 2.5 சென்ரிமீற்றருக்குள் உடைந்தால் இருவாட்டிப் பக்கம், 5 வரை போனால் களி கலந்த இருவாட்டி, அதற்கும் மேலே களி. நறநறப்புத் தெரிகிறதா, வழுவழுப்பாக இருக்கிறதா என்று ஒரு கேள்வி சேர்த்தால் மீதியைச் செயலியே வகைப்படுத்தும். அளவுகோலைத் திரையில் வரையவேண்டாம். போனுக்குப் போன் திரை அளவு மாறும், சேறும் படும். லேபல் தாளின் ஓரத்தில் 5 சென்ரிமீற்றர் கோட்டை அச்சிட்டால் போதும்.

மேசை வேலையில்தான் பெரிய பொறி இருக்கிறது. மின்கடத்தும் திறனைக் கொண்டு பார்க்கும் ஒரே உவர் அளவை ஒரு மீற்றர் 1420 என்று மைக்ரோசீமன்ஸில் காட்டும், இன்னொன்று 1.42 என்று மில்லிசீமன்ஸில் காட்டும். இந்த மில்லிசீமன்ஸ் அளவு ஒரு சென்ரிமீற்றருக்கு, அறிக்கைகளில் வரும் டெசிசீமன்ஸ் அளவு ஒரு மீற்றர் நீளத்துக்கு; ஆகவே இரண்டும் ஒரே எண்தான். படிவம் அலகைக் கேட்காவிட்டால் ஒரே நிரலில் 1420உம் 1.42உம் அக்கம்பக்கமாக நிற்கும். முதலில் மீற்றரில் தெரியும் அலகைத் தொடச் சொல்லுங்கள், பிறகு எண்ணைக் கேளுங்கள், மாற்றிய பெறுமானத்தைத் திரையில் காட்டுங்கள்.

அலகு சரியாக இருந்தாலும் முறை பதியாவிட்டால் எண்ணுக்கு அர்த்தம் இல்லை. நெல்லுக்கு 3 டெசிசீமன்ஸுக்கு மேல் விளைச்சல் குறையத் தொடங்கும் என்பது மண்ணைத் தண்ணீரால் நிறைவாக்கிப் பிழிந்தெடுத்த சாற்றில் அளந்த கணக்கு. வசதி கருதிப் பெரும்பாலும் செய்வதோ 10 கிராம் உலர்ந்த மண்ணுக்கு 50 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீர் சேர்த்துக் குலுக்கிப் பார்ப்பது. அதில் 0.6 வந்தால் '3க்குக் குறைவுதானே' என்று நிம்மதிப்படக்கூடாது. சாறு பிழியும் முறைக்கு மாற்றினால் அது 3ஐத் தாண்டும். மாற்றும் பெருக்கமும் மணலுக்குக் கூட, களிக்குக் குறைவு. அதனால்தான் கைப்பதம் பார்த்த விடை இங்கேயும் தேவைப்படுகிறது.

பீஎச் இன்னொரு விதத்தில் ஏமாற்றும். தண்ணீர் கட்டிய வயலில் சில கிழமைகளில் புளிப்பு மண்ணின் பீஎச் ஏறும், காரமண்ணின் பீஎச் இறங்கும், இரண்டும் நடுநிலைக்குக் கிட்ட வரும். உவரும் காலத்தோடு மாறும். கோடையில் ஆவியாதலோடு உப்பு மேலே ஏறி நிற்கும், மாரி மழை அதைக் கழுவி இறக்கும். வாவிக்கரையோர வயலில் ஓகஸ்டில் எடுத்ததையும் ஜனவரியில் எடுத்ததையும் ஒப்பிட்டு 'நிலம் திருந்திவிட்டது' என்று எழுதினால் அது மழையின் புண்ணியமாகவும் இருக்கலாம். தண்ணீர் நின்றதா, கடைசி மழை எப்போது என்ற இரண்டு கேள்வியையும் விருப்பத்துக்கு விடாதீர்கள்.

தானாக நிரம்பியிருக்கும் பெறுமானங்களை நீக்குங்கள். பீஎச் பெட்டியில் 7 என்று முன்கூட்டியே கிடந்தால் பாதி மாவட்டம் நடுநிலை ஆகிவிடும். வெற்றுப் பெட்டி பூச்சியமாகச் சேமிக்கப்படுவதும் அதே வகைப் பிழை. 'அளக்கவில்லை' என்று தனிப் பொத்தான் வேண்டும். எல்லை தாண்டிய எண்ணுக்குக் கதவை அடைக்கவும் வேண்டாம். அடைத்தால் ஆள் உள்ளே போவதற்காகப் பொய் எண்ணைப் போடுவார். 'உவர் உண்மையாகவே 24ஆ?' என்று கேட்டு, ஆம் என்றால் மீற்றரைப் படம் எடுக்கச் சொல்லி விட்டுவிடுங்கள்.

புதிதாகச் செயலி எழுதத்தான் வேண்டுமா என்பதும் யோசிக்கவேண்டியது. ஓடிகே, கோபோடூல்பாக்ஸ் போன்ற ஆயத்தத் தரவு சேகரிப்புக் கருவிகளில் படிவத்தை எக்ஸெல் தாளிலேயே எழுதலாம். சிக்னல் இல்லாத இடத்தில் போனிலேயே சேமித்து, பிறகு அனுப்பலாம். சொந்தச் செயலிதான் என்றால், எழுத்துப் பதிவு முதலில் போகட்டும், படம் வைஃபை கிடைத்த பிறகு போகட்டும். படத்தின் நீண்ட பக்கத்தை 1280 பிக்சலுக்குக் குறைத்தால் சில மெகாபைட் சில நூறு கிலோபைட் ஆகும். மண்ணின் நிறத்தைப் படத்திலிருந்து எடுக்கலாம் என்று மட்டும் நம்பவேண்டாம். காலை வெயிலுக்கும் மாலை வெயிலுக்கும் கமரா வேறு நிறம் காட்டும்.

பழைய தரவு வைத்திருப்போர் ஒரு விடயத்தில் உசாராக இருக்கவேண்டும். பட்டியலை அழகுபடுத்தும்போது களி முதலாவதாகவும் மணல் மூன்றாவதாகவும் இருந்ததை மாற்றி அடுக்கி, உள்ளே சேமிக்கும் எண்களையும் மாற்றிவிட்டால், போன வருடத்து 1 களி, இந்த வருடத்து 1 மணல். திரையில் காட்டும் ஒழுங்கை எப்படியும் மாற்றுங்கள், உள்ளே இருக்கும் குறியீட்டைத் தொடாதீர்கள். அம்பாறையில் தமிழ், சிங்களம் இரண்டிலும் படிவம் போகும்போதும் இதே விதிதான்: சொல் இரண்டு, குறியீடு ஒன்று. சிங்களத்தில் பொருந்திய பொத்தானில் தமிழ்ச் சொல் பாதியில் வெட்டுப்படுகிறதா என்று ஒவ்வொரு திரையிலும் பாருங்கள்.

சோதனையைக் குளிரூட்டிய அறையில் முடித்துவிடவேண்டாம். நண்பகல் வெயிலில், ஈரக் கையோடு, போனை விமானப் பயன்முறையில் வைத்து, ஒரே வயலில் இரண்டு பேர் ஒருவர் விடையை மற்றவர் பாராமல் பதியட்டும். இருவர் விடையும் வேறுபடும் கேள்வியை மாற்றி எழுதவேண்டும்.

கடைசியாக, காணிக்காரருக்கு என்ன திரும்பிப் போகிறது? 'உவர்க் காணி' என்று பதிவானால் விலை விழும் என்ற பயம் அவருக்கு உண்டு. அது நியாயமான பயம். பெயர், போன் இலக்கம், புள்ளி மூன்றையும் மண் முடிவோடு ஒரே கோப்பில் வைத்துக் கண்டவருக்கெல்லாம் அனுப்பாதீர்கள். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. சம்மதத்தை வரம்பிலேயே கேட்டுப் பதியுங்கள். அவருக்கு முடிவைக் குறுஞ்செய்தியில் அனுப்பும்போது தமிழில் ஒரு செய்திக்கு 70 எழுத்துத்தான் இடம். கொம்பு, கால், விசிறி, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். 'மாதிரி 204172: பீஎச் 5.8, உவர் கூடியது. கமநல நிலையம் வரவும்.' இது 60 எழுத்து, ஒரே செய்தியில் அடங்கும். அந்த இலக்கம் அவர் கையில் இருக்கும் மூன்றாவது லேபலில் இருக்கிறது.