அழித்த வரியில் இருந்த சாவி

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு வேலைக்குப் போய்வரும் நான், விடுமுறை நாட்களில் தெரிந்தவர்களுக்காகச் சிறு மென்பொருள்கள் எழுதுகிறேன். கடந்த ஓராண்டில் மூன்று எழுதினேன். அக்காவின் தையல் கடைக் கணக்குச் செயலி தடங்கலின்றி ஓடுகிறது, 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் பல நிரல்மொழிகள் 0.30000000000000004 என்று விடை தரும் என்பதால், அதில் தொகைகளை எல்லாம் பைசாவாக்கி முழு எண்ணில் வைத்தேன். குழந்தைகளுக்கான சொல் விளையாட்டு பாதியில் நிற்கிறது. 'கிருஷ்ணகிரி' நமக்கு 6 எழுத்து, யூனிகோடுக்கு 11 குறியீடு. கட்டங்களில் உயிர்க்குறிகள் தனியே போய் விழுந்தன.

மூன்றாவதுதான் இதை எழுத வைத்தது. பெங்களூரா மாங்காயின் அன்றாட மண்டி விலையை, சித்தப்பா உள்ளிட்டதும், தோட்டக்காரர்களின் டெலிகிராம் குழுவில் போடும் சிறிய பாட், அதாவது தானாகச் செய்தி அனுப்பும் நிரல் அது. சீசன் நடுவில் ஒரு காலை அவர் போனில் கேட்டார்: "ஏம்பா, பணம் போட்டா ரெட்டிப்பாகும்னு உன் பாட் சொல்லுது, இதுவும் மண்டி விலையா?"

தவறு என்னுடையது. மாதங்களுக்கு முன், பாட்டை இயக்கும் டோக்கனை, அதாவது கையில் வைத்திருப்பவர் எவரும் அந்தப் பாட்டின் பெயரில் செய்தி போட உதவும் ரகசியச் சாவியை, நிரலுக்குள்ளேயே எழுதி, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும்படி ஏற்றியிருந்தேன். பத்து நிமிடத்தில் கவனித்து, அந்த வரியை அழித்து மறுபடி ஏற்றிவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஆனால் பழைய வடிவங்களை எல்லாம் விடாமல் காத்து வைப்பதுதான் கிட்ஹப்புக்கு அடியில் இருக்கும் கிட் என்ற மென்பொருளின் வேலை. இன்றைய கோப்பில் இல்லாத வரி, நேற்றைய கமிட்டில், அதாவது நேற்றுச் சேமித்த வடிவத்தில், அப்படியே இருக்கும். பொதுவில் ஏறும் நிரல்களில் இத்தகைய சாவிகளைத் தேடுவதற்கென்றே தானியங்கி நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்குப் பத்து நிமிடம் தாராளம்.

ஆகவே சாவி வெளியேறியது தெரிந்தவுடன் முதலில் செய்ய வேண்டியது, அழிப்பதல்ல, அதைச் செல்லாததாக்குவது. டெலிகிராமில் பாட்களை நிர்வகிக்கும் பாட்ஃபாதர் என்ற பாட்டிடம் 'ரிவோக்' கட்டளை கொடுத்தால் பழைய டோக்கன் அந்தக் கணமே செத்துவிடும். கிட்ஹப்பில் நிரல் இருக்கும் களஞ்சியத்தைப் பிறர் பார்க்காதபடி பூட்டுவதோ அதன் பழைய வடிவங்களின் வரலாற்றைத் துடைப்பதோ அதற்குப் பிறகுதான், ஏனெனில் ஏற்கெனவே சாவியை நகலெடுத்தவரை அவை தடுக்கா. சாவியைத் தனிக் கோப்பில் வைத்து, முதல் கமிட்டுக்கு முன்பே அக்கோப்பின் பெயரை, கிட் கண்டுகொள்ளக் கூடாத கோப்புகளின் பட்டியலான 'கிட்இக்னோர்' பட்டியலில் சேர்த்துவிட வேண்டும்; ஒருமுறை கமிட்டில் சேர்ந்துவிட்ட கோப்பை அந்தப் பட்டியல் தடுக்காது என்பதையும் நான் தாமதமாகவே அறிந்தேன்.

புதிய டோக்கனுடன் பாட் அன்று மாலையே விலை சொல்லத் தொடங்கியது. பழைய டோக்கன் இன்னும் அந்த வரலாற்றில் கிடக்கிறது. செல்லாத சாவி என்பதால் அதை எடுக்க நான் மெனக்கெடவில்லை.